தொண்ணூற்றெட்டாம் வாசல் பாம்பு

ஒத்தக்கரட்டுக்கு ஒரே ஒரு தெருதான். அடிவாரத்துப் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, பத்து வாசல் வலப்பக்கம் போய், திரும்பி, பத்து வாசல் இடப்பக்கம் போய், மறுபடி திரும்பி, இப்படியே ஒன்பது முறை வளைந்து வளைந்து கரட்டின் உச்சிக்குப் போய்ச் சேரும். வீட்டு வரி போட வந்த ஆட்கள் வாசல்களுக்கு ஒன்றிலிருந்து நூறு வரை எண் எழுதி வைத்திருந்தார்கள். முதல் வாசல் பஸ் ஸ்டாண்டு. நூறாவது வாசல் ஒரு பெரிய இரும்புக் கேட்டு. அதற்குள்ளேதான் மேல்நிலைப் பள்ளிக்கூடமும் பேரூராட்சி அலுவலகமும் ஆஸ்பத்திரியும் தண்ணீர்த் தொட்டியும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஊரில் யாருக்கு எந்த வேலை இருந்தாலும் அந்தக் கேட்டு வரைக்கும் ஏறித்தான் ஆக வேண்டும்.

பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தத் தெருவில் ஏறப்போனவர்களின் கால்கள் தாமாகவே நின்றன. சிலருக்கு இரண்டு வாசல் தாண்டியதும் நின்றன, சிலருக்கு ஐந்து வாசல் தாண்டியதும் நின்றன, யாருக்கும் ஆறு வாசலுக்கு மேல் போகவில்லை. நின்ற இடத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அதன் பிறகு கால்கள் மறுபடி கிளம்பும், எத்தனை வாசலுக்கு என்று கால்களுக்குத்தான் தெரியும். சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் அதே கதைதான். இறங்கும்போது மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை, எல்லோரும் எப்போதும்போல இறங்கினார்கள். இதற்குப் பழகிக்கொண்டிருக்கும்போதே நாலாம் வாசலில், சைக்கிள் கடைக்கு முன்னால் போய் நின்ற ஒருவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐம்பத்தாறாம் வாசலில் நின்றார். உச்சிக்குப் பக்கத்தில், தொண்ணூற்றெட்டாம் வாசலில் போய் நின்றவர்களோ தாழம்பூ வாசனை ஒன்றை நுகர்ந்தார்கள், அடுத்த மூச்சில் இருபத்தெட்டாம் வாசலில் மைதீன் பாயின் டீக்கடைக்கு முன்னால் நின்றார்கள். வலியில்லை, காயமில்லை, காலில் செருப்புகூட மாறவில்லை.

முதல் நாள் ஊர் கொஞ்சம் சலசலத்தது. இரண்டாம் நாள் டீக்கடையில் கூடுதலாக ஒரு பெஞ்சு போட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து மைதீன் பாய் எதையும் கேட்பதில்லை, எதிரே வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் சர்க்கரை போட்டோ போடாமலோ ஒரு டீயை நீட்டிவிடுவார். முப்பத்தோராம் வாசலில் ஜோசியம் பார்ப்பவர் ராசிபலனை நிறுத்திவிட்டு, இன்று யாருக்கு எத்தனை வாசல் என்று எழுதி ஒட்டத் தொடங்கினார்; ஆறில் ஒரு தடவை அது பலித்தது, ராசிபலனைவிட அது அதிகம் என்று ஜனங்கள் திருப்திப்பட்டார்கள். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் எந்த வாசல் என்று கேட்டார்கள். வேலைக்குப் பிந்தி வந்தவர்கள், தம்பி கல்யாணத்துக்கு வராமல் போனவர்கள், ரேஷனில் பாமாயில் தீர்ந்த பிறகு வந்து நின்றவர்கள், எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கால் கேக்கலங்க, நான் என்ன செய்ய. அந்தப் பதில் ஊருக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் ஒத்தக்கரட்டில் எவரும் எதைப் பற்றியும் யோசித்து முடிவெடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். யோசித்தாலும் கால் கேட்கப்போவதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் கந்தவேல். தோளில் சிலிண்டரோடு நாற்பத்தொரு முறை இப்படிக் கீழே வந்து விழுந்தவர், தான் ஏறிய இடத்தையும் விழுந்த இடத்தையும் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். ஒருநாள் அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த பரமபத அட்டை மேல் அவர் கண் போனது. மூன்று குளியல் சோப்பு வாங்கினால் இலவசமாகக் கொடுத்த அட்டை. நாலில் ஏணி ஏறினால் ஐம்பத்தாறு. தொண்ணூற்றெட்டில் பச்சைப் பாம்பு, அதன் வால் இருபத்தெட்டில். கந்தவேல் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது: அருணகிரி ஆப்செட், ஒத்தக்கரடு.

அருணகிரி அண்ணாச்சியின் பிரஸ் மூன்றாம் வாசலில் இருந்தது. அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் வத்திப்பெட்டி லேபிளும் வடிவமைப்பவள் தங்கபுஷ்பம். முப்பத்து நாலு வயது. ஊரில் எந்தச் சுவரில் என்ன தொங்கினாலும் அதில் பாதி அவள் கையால் செய்ததாக இருக்கும், ஆனால் அது அவளுக்கே நினைவிருக்காது. சோப்பு கம்பெனியின் அட்டையை அவள் ஒரு மத்தியானத்தில், ஒரு பூப்புனித நீராட்டு விழா பத்திரிகைக்கும் ஒரு நகைக்கடை காலண்டருக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் செய்து கொடுத்திருந்தாள். பழைய அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோப்புப் படத்துக்கு இடம் விட்டு, மிச்ச இடத்தில் பாம்புகளையும் ஏணிகளையும் கண்ணுக்கு அழகாகப் பரப்பினாள். விதிமுறைகளைக்கூட அப்படியே பார்த்து அடித்ததுதான்.

கந்தவேல் அட்டையோடு வந்து நின்றபோது அவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். விஷயம் ஒரு மணி நேரத்தில் ஊருக்குப் பரவியது. அன்று சாயந்தரம் வரைக்கும் பிரஸ்ஸுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். திட்டுவதற்கு வந்தவர்கள் குறைவு, தன் வீட்டு வாசலுக்கு ஓர் ஏணி கிடைக்குமா என்று கேட்க வந்தவர்கள்தான் அதிகம்.

எல்லோரும் போன பிறகு வந்தவள் சந்தனமாரி. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள், நாற்பத்தொரு வயது, பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதுகிறாள். அங்கன்வாடி வேலைக்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில், பாதியில் விட்ட எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரி பாதி கோத்துவிட்டு எழுந்துபோன பூச்சரத்தைக்கூட உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அன்று காலையில் தமிழ்ப் பரீட்சை. விடிந்ததும் கிளம்பியவள் தொண்ணூற்றெட்டாம் வாசலுக்கு இரண்டு தடவை போய்ச் சேர்ந்தாள், இரண்டு தடவையும் மைதீன் பாயின் கடைக்கு வந்து சேர்ந்தாள். மூன்றாம் தடவை கேட்டை எட்டியபோது மணி பதினொன்று. கேட்டு பத்து மணிக்கே சாத்தியாகிவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. ஹால் டிக்கெட்டைச் சுருட்டிக் கையில் வைத்தபடி கேட்டாள்.

"நீங்கதான் இந்த அட்டையப் போட்டதா?"

"ஆமாக்கா."

"தொண்ணூத்தெட்டுல எதுக்குப் பாம்பு வச்சீங்க?"

தங்கபுஷ்பம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எல்லா அட்டையிலும் அந்தப் பக்கம் ஒரு பாம்பு இருக்கும் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் எல்லா அட்டையிலும் அது ஏன் இருக்கிறது என்று தான் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அங்க எடம் காலியா இருந்துச்சு," என்றாள்.

"எடம் காலியா இருந்துச்சா." சந்தனமாரி அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரி."

அவ்வளவுதான், போய்விட்டாள். தங்கபுஷ்பத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பேரூராட்சித் தலைவி ராஜகனி பிரஸ்ஸுக்கு ஆள் அனுப்பினாள். பாம்பே இல்லாத அட்டை ஒன்றை உடனே அடிக்க வேண்டும், ஏணிகள் மட்டும் போதும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏணிகள். மக்களுக்கு நல்லது செய்வதில் கஞ்சத்தனம் எதற்கு என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். அருணகிரி அண்ணாச்சிக்கு முதலில் விருப்பமில்லை, அச்சுப் பிளேட்டு போட்டது போட்டதுதான் என்று முனகினார். ஆனால் அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, கன்னத்தைப் பிடித்தபடியே மூன்று தடவை தொண்ணூற்றெட்டில் விழுந்து வந்திருந்தார். புதிய பிளேட்டு போடச் சம்மதித்தார். முதல் பிரதி மெஷினிலிருந்து வந்து மை காய்ந்த அந்த நிமிடமே தெரு மாறியது.

ஏணிகள் மட்டுமே உள்ள அட்டையில் எல்லோரும் காலை ஏழு மணிக்கெல்லாம் நூறாம் வாசலில் இருந்தார்கள். போக நினைத்தவர்கள் மட்டுமல்ல, கறிவேப்பிலை வாங்க வாசலை விட்டு இறங்கியவர்களும், பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவர்களும், ஆட்டைப் பிடிக்க ஓடியவர்களும் ஆடும் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். முதல் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. இறங்கினால் மறுபடி ஒரு காலை முன்னே வைத்ததும் மேலே வந்துவிடுகிறார்கள். யார் முதலில் வந்தது என்று பேச்சு வந்தது, எல்லோருமே முதலில் வந்திருந்ததால் அதில் யாருக்கும் பெருமையில்லை. நிழலுக்காக இரண்டு கோஷ்டி சண்டை போட்டது. நடு ஊரில் கடைகள் ஈயாடின. ஈக்களும் மேலேதான் இருந்தன. சந்தனமாரி ஆறரை மணிக்கே பரீட்சைக்கு வந்துவிட்டாள். ஆனால் ஜன்னல் ஓரம் முழுக்க ஊரே நின்று வேடிக்கை பார்க்க, ஒருவர் அவளிடம் என்ன கேள்வி வந்திருக்கிறது என்று ஜன்னல் வழியே விசாரிக்க, தலைவி ராஜகனி மைக்கில் கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லிச் சொல்லி அதனாலேயே இன்னும் கூட்டம் சேர, அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் இங்கிலீஷ் பரீட்சை எழுதி முடித்தாள். கேள்வித்தாளில் கேட்டிருந்த விடுப்பு விண்ணப்பத்தை இரண்டு முறை எழுதிவிட்டாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

நாலாம் நாள் அந்த அட்டையை ஊரே வெறுத்தது. ஒரு மனுஷன் எங்கேயாவது போய்ச்சேர வேண்டுமென்றால் கொஞ்சமாவது போக வேண்டாமா என்று மைதீன் பாய், காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அதன் பிறகு பொதுக்கூட்டம் போட்டார்கள். மூன்றாவது அட்டையை ஊரே சேர்ந்து வடிவமைப்பது என்று முடிவானது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒருவர் எழுந்து தன் விருப்பத்தைச் சொல்ல, தங்கபுஷ்பம் குறித்துக்கொண்டாள். எல்லோருக்கும் தன் வாசலில் ஏணி வேண்டும். பக்கத்து வாசலில் பாம்பு வேண்டும். எழுபத்திரண்டாம் வாசல்காரர் தன் மச்சினன் வீட்டுக்கு முன்னால் இரண்டு பாம்பு கேட்டார், ஒன்று போதாது என்பதற்கு வைத்திருந்த காரணங்களை அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் அமைதியாகக் கேட்டது. தங்கபுஷ்பம் ஒன்றையும் மறுக்கவில்லை. எது சரி என்று தெரியாதவளால் எது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

அந்த அட்டை வந்த அன்று கணக்குப் பரீட்சை. சந்தனமாரி நாற்பத்து நாலில் ஒரு பாம்பில் விழுந்து பதினேழுக்கு வந்தாள், பதினேழிலேயே ஓர் ஏணி அவளை அறுபத்திரண்டுக்குத் தூக்கியது, அறுபத்திரண்டில் இருந்த பாம்பு மறுபடி நாற்பத்து நாலில் விட்டது, நாற்பத்து நாலில் பாம்பு. பதினொரு மணிவரை அவள் இந்த மூன்று வாசல்களையும் சுற்றி வந்தாள். கூடவே ஓர் ஆட்டு வியாபாரியும் சுற்றினார். பத்தாவது சுற்றில் இருவரும் ஒருவருக்கொருவர் சொந்த ஊரெல்லாம் விசாரித்து முடித்திருந்தார்கள். கடைசியில் கந்தவேல்தான் ஓடிப்போய் பிரஸ்ஸில் சொல்லி, முதல் அட்டையையே மறுபடி மெஷினில் ஓட்டவைத்து, இருவரையும் விடுவித்தார்.

அன்றைக்குச் சந்தனமாரி பிரஸ்ஸுக்கு வரவில்லை. தங்கபுஷ்பம்தான் அவள் வீட்டுக்குப் போனாள். இன்னும் அறிவியலும் சமூக அறிவியலும் பாக்கி, அறிவியலுக்கு ஒரு வாரம் இருக்கிறது. போனவள் மன்னிப்புக் கேட்கலாமென்றுதான் போனாள், வாய் வேறு எதையோ சொன்னது.

"அக்கா, நீங்க பிரஸ்ஸுக்கு வந்து என் முன்னாடி உக்காந்து விளையாடணும். நான் பாக்கணும்."

"நான் படிக்க வேண்டாமா?"

"தினமும் ஒரு மணி நேரம். நான் இத்தன வருசமா அட்ட போட்டிருக்கேன், ஒருத்தர் விளையாடி நான் பாத்ததே இல்லக்கா."

பிரஸ்ஸின் பேப்பர் கோடவுனில், ஒரு பெரிய காலண்டர்த் தாளின் பின்பக்கம் பென்சிலால் நூறு கட்டம் போட்டு, பாட்டில் மூடியும் நூல்கண்டும் சாவியும் தீப்பெட்டியும் காய்களாக வைத்து, நாலு பேர் உட்கார்ந்தார்கள். சந்தனமாரி, கந்தவேல், மைதீன் பாய், அண்ணாச்சி. தங்கபுஷ்பம் அவர்களுக்கு எதிரே ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். ஊரில் இவ்வளவு நடந்தும் விளையாடுகிறவர்களின் முகத்தை அவள் பார்ப்பது இதுவே முதல் தடவை.

முதலில் பழைய அட்டை. தன் முறை வந்தபோது கந்தவேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதீன் பாய் பகடைக் கட்டையை உருட்டிவிட்டு என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை, மற்றவர்கள்தான் எண்ணிக் காயை நகர்த்தினார்கள். நடுவில் அண்ணாச்சிக்கு ஒரு போன் வந்தது. எனக்கும் சேர்த்து நீங்களே உருட்டிக்கோங்க என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவருக்காக யார் யாரோ உருட்டினார்கள், அவர் திரும்பி வருவதற்குள் ஜெயித்திருந்தார். ஜெயித்ததைச் சொன்னதும் அப்படியா என்றார்.

தங்கபுஷ்பம் எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் நின்றாள். அண்ணாச்சிக்குப் பதில் யார் உருட்டினாலும் ஒன்றுதான் என்றால் அங்கே விளையாடியது யார்? கட்டை விளையாடியது. மனிதர்கள் அதற்குக் காய் நகர்த்திக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவளுக்கு அந்த ஜோசியர் ஞாபகம் வந்தது, கால் கேக்கலங்க என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட அத்தனை பேரும் ஞாபகம் வந்தார்கள். ஊரைக் கெடுத்தது பாம்பு இல்லை. ஊரிலிருந்து யோசனையைப் பிடுங்கிக்கொண்ட ஓர் அட்டையைத்தான் அவள் இடம் காலியாக இருக்கிறதென்று நிரப்பிக் கொடுத்திருக்கிறாள்.

உள்ளே வந்து இன்னொரு கட்டையைக் கொடுத்தாள். இரண்டையும் உருட்டலாம், ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம், எதை எடுப்பது என்பது உருட்டியவர் இஷ்டம் என்றாள். வேறு எதையும் மாற்றவில்லை.

மூன்றாவது சுற்றிலேயே நாலு தலையும் தாளுக்கு மேல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மைதீன் பாய் தன் கட்டையைப் பிறர் தொடக்கூடாது என்றார். அண்ணாச்சியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கந்தவேல் ஐந்தா இரண்டா என்று முழுசாக இரண்டு நிமிடம் யோசித்து, ஐந்தை எடுத்து, பாம்பில் மாட்டி, தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். இத்தனை நாள் அவர் விழுந்தபோதெல்லாம் அட்டையைத்தான் திட்டியிருக்கிறார்.

ஆறு நாளும் அப்படியே போனது. அவள் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றினாள், மாற்றிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டில் விழுந்து இருபத்தெட்டுக்கு வந்த கந்தவேல் காயைத் தள்ளி வைத்துவிட்டு, நீங்க மூணு பேரும் ஆடுங்க என்று சுவரில் சாய்ந்தபோது, விழுகிற ஆழத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று குறித்துக்கொண்டாள். வாலை எண்பத்தொன்றுக்குக் கொண்டுபோனாள். அதற்கு மைதீன் பாய் பெரிய எதிர்ப்புத் தெரிவித்தார், இருபத்தெட்டாம் வாசல் வியாபாரம் போய்விடும் என்று. அடுத்த ஆட்டத்தில் அவரே அந்தப் பாம்பில் விழுந்தார். எண்பத்தொன்றுக்குத்தானே விழுந்தோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டவர், உடனே தான் கடைக்காரன் என்பது நினைவுக்கு வந்து முகத்தை மாற்றிக்கொண்டார். எண்பத்து நாலில் தொண்ணூற்றைந்துக்கு ஒரு குட்டி ஏணி வைத்தாள். விழுந்தவர் எழுந்ததும் கண்ணில் படுகிற தூரத்தில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கடைசி நாள் சந்தனமாரி கேட்டாள், அந்தப் பாம்பையே எடுத்துவிட்டால் என்ன. கேட்கும் உரிமை அவளைவிட வேறு யாருக்கும் இல்லை. தங்கபுஷ்பம் மறுபேச்சில்லாமல் ரப்பரால் பாம்பை அழித்தாள். ஆடினார்கள். தொண்ணூறைத் தாண்டியதும் சந்தனமாரி ஜெயிக்கப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மைதீன் பாய் கொட்டாவி விட்டார். சந்தனமாரி நூறுக்குக் காயை நகர்த்தினாள். நகர்த்திவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் ஜெயித்த களையே இல்லாத அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, தொண்ணூற்றெட்டில் மறுபடி அந்தப் பாம்பை வரைந்தாள். சந்தனமாரி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் முகம் கோணியதா இல்லையா என்று தங்கபுஷ்பத்துக்குச் சரியாகத் தெரியவில்லை.

புதிய அட்டை வந்த காலையில் ஒத்தக்கரட்டுக்காரர்கள் தெருவில் நின்று தங்கள் பாதங்களைக் குனிந்து பார்த்தார்கள். இடது காலுக்குள் ஓர் எண் இருந்தது, வலது காலுக்குள் இன்னோர் எண். கட்டை விரலில் லேசாக மினுமினுப்பதுபோல இருக்கும், எவரும் சொல்லிக்கொடுக்காமலேயே எல்லோருக்கும் தெரிந்தது. எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறோமோ அந்த எண்தான். இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும், நூறைத் தாண்டும் எண் என்றால் மட்டும் கால் நகராது. காலங்காலமாக எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று தெரியாமலே நடந்தவர்கள், தெரு நெடுக நின்று நின்று யோசித்தார்கள். ஜோசியர் போர்டைக் கழற்றிவிட்டு, முன்யோசனை சொல்லித்தரப்படும் என்று வேறு போர்டு மாட்டினார். முன்னால் போகிறவரிடம் பின்னால் வருகிறவர், அறுபத்தேழுல பாம்பு இருக்கு, இடது காலை வைக்காதீங்க என்று சொன்னார், சொன்னதைக் கேட்காமல் வைத்தவர் மறுநாள் வந்து நீங்க சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பிந்தி வந்தவர்களின் பழைய பதில் செல்லாமல் போனது. எந்தக் காலை வச்சீங்க என்று வீட்டில் கேட்கத் தொடங்கினார்கள், அதில் இரண்டு மூன்று குடும்பங்களில் மனஸ்தாபம் வந்ததும் உண்மைதான். மைதீன் பாய் எண்பத்தொன்றாம் வாசலில் ஒரு தகரக் கூரை போட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்.

அறிவியல் பரீட்சைக்குச் சந்தனமாரி ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்தாள். வழியில் ஒரு பாம்பைக்கூட மிதிக்கவில்லை.

கடைசிப் பரீட்சையன்று தங்கபுஷ்பம் பிரஸ்ஸுக்குப் போகாமல், முன்கூட்டியே ஏறி நூறாம் வாசலில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கடைசித் தெருவளைவு முழுவதும் அங்கிருந்து தெரியும். பத்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது சந்தனமாரி தொண்ணூற்றிரண்டில் நின்றாள். வழியில் அறுபத்தேழாம் பாம்பு அவளைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தது. குனிந்து காலைப் பார்த்தாள், வலது காலை வைத்தாள், இரண்டு. தொண்ணூற்று நாலு. மூன்று நிமிடம். இடது காலில் நாலு இருந்திருக்க வேண்டும், அது பாம்பு. வலது காலை வைத்து மூன்று எடுத்துத் தொண்ணூற்றேழுக்கு வந்தாள். இன்னும் மூன்றே வாசல். அவள் முகமும் கேட்டும் நேருக்கு நேர் இருந்தன. மூன்று நிமிடம் கழித்துக் குனிந்தவள், இடது காலைப் பார்த்தாள், வலது காலைப் பார்த்தாள், மறுபடி இடது காலைப் பார்த்தாள்.

இரண்டிலும் ஒன்று.

தாழம்பூ வாசனை கேட்டு வரைக்கும் வந்தது. சந்தனமாரி நின்ற இடம் காலியாக இருந்தது. தங்கபுஷ்பம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தன் கையால் அழித்துத் தன் கையால் மறுபடி வரைந்த பாம்பு. ஓடிப்போய் பிரஸ்ஸில் ஏணிகள் மட்டும் உள்ள பிளேட்டைப் போட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. இறங்குவதற்குள் பரீட்சை தொடங்கிவிடும். ஒன்றும் செய்வதற்கில்லை, பார்ப்பதைத் தவிர.

வளைவுக்குக் கீழே எண்பத்தொன்றாம் வாசலில் சந்தனமாரி நின்றாள். மைதீன் பாய் நீட்டிய டீயை வேண்டாமென்று கையாட்டினாள். அவள் அழுவாள் என்று தங்கபுஷ்பம் எதிர்பார்த்தாள், அல்லது அன்றுபோல ஹால் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு கீழே நடப்பாள். சந்தனமாரி அண்ணாந்து தொண்ணூற்றெட்டாம் வாசலைப் பார்த்தாள். பிறகு, தீப்பெட்டி ஆபீசில் யாராவது அவளை வம்புக்கு இழுத்தால் எப்படிச் சிரிப்பாளோ அப்படி வாயை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தாள். குனிந்தாள். மைதீன் பாய், இடது கால் ஆறு என்றால் அதையே எடும்மா, நேரமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு வலது காலை வைத்தாள். மூன்று. எண்பத்து நாலு. குட்டி ஏணி அவளைத் தொண்ணூற்றைந்தில் கொண்டுவந்து நிறுத்தியது. கேட்டில் வாட்ச்மேன் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் காலைப் பார்த்தாள், நிமிர்ந்து தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள், ஐந்தைத் தேர்ந்தெடுத்தாள். தொண்ணூற்றெட்டாம் வாசலை அவள் கடந்தபோது சேலை முந்தானையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே நுழையும்போது தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் ஒரு விநாடி நின்றாள். மூச்சு வாங்கியது.

"அந்தப் பாம்ப எடுத்துராதீங்க," என்றாள்.

ஒரு மணிக்குப் பரீட்சை முடிந்தது. எழுதியவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்காகக் கீழே இறங்கினார்கள், சந்தனமாரியும் இறங்கினாள். பரீட்சை எப்படி என்று தங்கபுஷ்பம் கேட்டதற்கு, பரவாயில்லை, தமிழையும் கணக்கையும் துணைத்தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே தொண்ணூறாம் வாசல் வரைக்கும் வந்தார்கள். அங்கே சந்தனமாரி நின்றுவிட்டாள். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தாள். மேலே பள்ளிக்கூடம் பூட்டியாகிவிட்டது, ஆபீசில் ஆளில்லை, ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலையில்லை, தண்ணீர் வருகிற நாளும் அன்றில்லை. ஒத்தக்கரட்டில் மேலே ஒரு வேலையும் இல்லாமல் அந்தத் தெருவில் யாரும் ஏறியதாக யாருக்கும் நினைவில்லை.

உச்சி வெயிலில் சந்தனமாரி திரும்பி நின்று, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் இரண்டு பாதங்களையும் குனிந்து பார்த்து யோசிக்க ஆரம்பித்தாள்.